தன்மேல் மனுப் போட்டவர்

எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அண்ணாச்சியின் கண் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். கல்யாணப் பத்திரிகை, கோர்ட் நோட்டீஸ், மருந்துச் சீட்டு என்று வித்தியாசம் கிடையாது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, அதைப் பார்த்துவிட்டால் மீதியைப் படிக்கும் வேலை மிச்சம் என்பது அவர் கட்சி.

"மேல இருக்கதெல்லாம் தோரணம்வே. கடைசியில என்ன செய்யுதான்னு பாரும்" என்பார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வருவாய்த் துறையில் காகிதம் பார்த்துத் துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு மாதமே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். சிறுபான்மை மக்களின் உரிமைகளுக்காக நடந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் அது. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். இயக்குநருக்கு ஓர் அறை. இன்னொன்றில் கம்ப்யூட்டரோடு நானும், அகராதியோடு அண்ணாச்சியும். எனக்குத் தட்டச்சும் பக்க அமைப்பும். அவருக்கு மொழிபெயர்ப்பும் மனு எழுதுவதும்.

மனசாட்சி உறுத்தி வந்தார் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒன்பதரைக்கு வந்து இறங்குவார். வெள்ளை அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் ஒரு பச்சை மைப் பேனா. பச்சையில் கையெழுத்துப் போடுகிற பதவி அவருக்குக் கடைசி வரை வரவில்லை. ஓய்வு பெற்ற அன்று சாயந்திரம் கடைக்குப் போய் அந்தப் பேனாவைத் தானே வாங்கிக்கொண்டாராம்.

தன் உத்தியோகக் கதைகளை அவர் நகைச்சுவையாகத்தான் சொல்வார். ஒரு ஊரில் பத்து வீட்டுக்காரர்கள் மட்டும் வேறு மதம். அவர்கள் இடுகாட்டுக்குப் போகும் பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். மனு வந்தது. அண்ணாச்சி எழுதினாராம்: 'இருதரப்பினரையும் அழைத்துப் பேசிச் சுமுகத் தீர்வு காணப்பட்டது.'

"யாரு பேசுனா அண்ணாச்சி?"

"யாரும் பேசல. 'காணப்பட்டது'ன்னு போட்டுட்டா யாரு கண்டான்னு கேக்க முடியாதுல்லா. அதாம்வே அந்தச் சொல்லுக்குள்ள அழகு."

நான் சிரித்தேன். அந்தப் பத்து வீட்டில் அதற்கப்புறம் செத்தவர்களை எந்த வழியாகக் கொண்டுபோனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் இயக்குநர் ஓர் ஆங்கிலக் கட்டைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தார். ஜெனிவாவில் ஐ.நா. சபையில் சில வருஷங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு நாட்டையும் உட்கார வைத்து மற்ற நாடுகள் விசாரிக்கும். மனித உரிமையில் இன்னின்னதைச் சரி செய் என்று சொல்லும். அப்படி நம் நாட்டுக்குச் சொன்னவற்றில், இனம், மொழி, மதம் ஆகியவற்றால் சிறுபான்மையாக இருப்பவர்களைக் காப்பது பற்றியதை மட்டும் பிரித்தெடுத்த கட்டு அது. தமிழில் போட்டு ஊர் ஊராகக் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடுவது அண்ணாச்சிக்கு வசதியாகப் போயிற்று. ஒரே முற்பகலில் அத்தனை வினைச்சொற்களையும் தனித்தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். ஊக்குவிக்க. பரிசீலிக்க. முயற்சிகளைத் தொடர. மேலும் வலுப்படுத்த. உரிய கவனம் செலுத்த.

"'கொடு'ன்னு ஒரு எடத்துலயாவது இருக்கான்னு தேடுதேன். காணோம்வே. நம்ம தாலுகா ஆபீஸ்ல வேல பாத்தவன் எவனோ அங்க போயிருக்கான்."

தலைப்பில் எங்களுக்குள் தகராறு வந்தது. நான் 'பரிந்துரைகள்' என்று அடித்திருந்தேன். அவர் பச்சை மையால் அதை அடித்துவிட்டு 'சிபாரிசுகள்' என்று எழுதினார். பரிந்துரை என்றால் டாக்டர் மாத்திரை எழுதுவது மாதிரி இருக்கிறதாம். சிபாரிசு என்றால்தான் நம் சனத்துக்குப் புரியுமாம். அவர் சொன்னபடியே அச்சாயிற்று: 'சிறுபான்மையினர் பாதுகாப்பு: உலக நாடுகளின் சிபாரிசுகள்.' சனத்துக்கு நன்றாகவே புரிந்தது. அது பிறகு.

இதற்குள் இயக்குநர் ஜெனிவா போய் வந்தார். எல்லாருக்கும் சாக்லேட் கொண்டுவந்தார். எந்தெந்தச் சிபாரிசுக்கு நம் அரசாங்கம் என்ன பதில் சொன்னது என்ற விவரமும் கொண்டுவந்தார். சிலவற்றை ஏற்றுக்கொண்டார்களாம். நாங்கள் முக்கியமென்று நினைத்த சிலவற்றுக்கு 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில்.

அண்ணாச்சி சாக்லேட் காகிதத்தைப் பைய உரித்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் நானும் கவனத்துல கொண்டவன்தான். எங்க கொண்டு வச்சேன்னு எனக்கே தெரியாது."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போன முதல் இடம், ஆற்றோரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஊருக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டி இருபது வீடுகள். எந்தக் காலத்திலோ மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஈச்ச ஓலையில் விளக்குமாறு கட்டி விற்பார்கள், அறுப்புக்குப் போவார்கள். வெளியே தமிழ். வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு மொழி, எழுத்தில்லாத மொழி. பழங்குடி என்ற சான்றிதழ் கேட்டு வருஷக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது இல்லாததால் பிள்ளைகளின் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனது.

அங்கே பேச ஆள் என்று இருந்தது மாரியம்மா. நாற்பது வயசிருக்கும். அவள் மகள் செல்வி அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்து, நர்சிங் படிக்க வேண்டும் என்று நின்றாள். அண்ணாச்சி புத்தகத்தை விளக்கினார். எந்தெந்த நாடு என்னென்ன சொல்லியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாரியம்மா கையில் ஓலையை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"இத்தன நாடு நமக்காகச் சிபாரிசு பண்ணியிருக்கா?"

"ஆமாம்மா."

"இத்தன நாடு சொல்லியும் ஒரு சர்டிபிகேட்டு தரமாட்டேங்கான்னா, அந்த ஆபீசர் எம்புட்டுப் பெரிய ஆளா இருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கேலியாகச் சொல்லவில்லை. மறுநாளே அந்தப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனாள் என்று அப்புறம் தெரிந்தது. அங்கிருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எம்.எல்.ஏ. கையெழுத்து இல்லையே என்று கேட்டாராம்.

நாங்கள் போன அன்று, கிளம்பும் நேரத்தில், பழைய நிராகரிப்பு உத்தரவை மாரியம்மா எடுத்துவந்து காட்டினாள். லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் போட்ட மனுவுக்கு வந்தது. அவர் இறந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பிலிருந்து யார் கேட்டாலும் அந்த உத்தரவையே காட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

அண்ணாச்சி வழக்கம்போலக் கடைசி வரிக்குப் போனார். ஆனால் அங்கே நிற்கவில்லை. மேலே போனார். நடுப்பத்தியில் கண் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்து நானும் படித்தேன்.

'வருவாய் ஆய்வாளரின் அறிக்கையின்படி, மேற்படி குடியிருப்பைச் சேர்ந்தோர் யாவரும் தமிழே பேசுகின்றனர் என்பதும், பழங்குடியினருக்குரிய தனித்த மொழியோ வழக்கமோ அவர்களிடம் காணப்படவில்லை என்பதும் தெரியவருகிறது.'

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "நல்ல வாக்கியம். ஒரு வார்த்தைய உருவ முடியாது."

"ஆமா அண்ணாச்சி."

"நான் எழுதுனது. அப்ப நாந்தான் இங்க வருவாய் ஆய்வாளர்."

"ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஊரு ஞாபகம் இல்ல. ஆளுக ஞாபகம் இல்ல. வாக்கியம் ஞாபகம் இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாரியம்மா வாசலில் விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி உட்காரவில்லை.

"யம்மா, உங்களுக்குத் தனி மொழி இல்லன்னு ஒருத்தன் அறிக்க எழுதுனாம்லா. அது நாந்தான்."

அவள் கை நிற்கவில்லை. அவர் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஸ்கூட்டர்ல வந்தது நீங்களா? மீச இருந்துச்சு."

"ஆமா."

"டீக்கடை முன்னால நாலு பேரக் கூப்பிட்டுக் கேட்டிய. நானும் நின்னேன்."

"கேட்டிருப்பேன்."

"நீங்க தமிழ்ல கேட்டிய. நாங்க தமிழ்ல சொன்னோம்."

அண்ணாச்சி தலையை அசைத்தார். பிறகு, ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோலச் சொன்னார்: "எனக்கு உங்க பாஷ தெரியாதும்மா."

"அப்ப எனக்குத் தெரியலன்னுல்லா நீங்க எழுதியிருக்கணும். எங்களுக்கு இல்லன்னு ஏன் எழுதுனிய?"

முப்பது வருஷ உத்தியோகத்தில் அவருடைய வாக்கியத்தை யாரும் திருத்தியதில்லை. நின்றுகொண்டே இருந்தார். திட்டுவாள், விரட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறார். அவள் கட்டி முடித்த விளக்குமாற்றைத் தரையில் தட்டிச் சரிசெய்துவிட்டு, "செரி. ஆபீசுல உள்ளவங்கள எப்படி ஏமாத்துததுன்னு உங்களுக்குத் தெரியும். அப்ப எப்படி எழுதுனா ஒத்துக்கிடுவாவன்னும் உங்களுக்குத்தான் தெரியும். எழுதுங்க" என்றாள்.

ஒரு வாரம் அண்ணாச்சி எதையும் மொழிபெயர்க்கவில்லை. பிறகு ஒரு மனு எழுதி என்னிடம் தட்டச்சுக்குக் கொடுத்தார். முதல் வரியிலேயே நான் நிறுத்திவிட்டேன். 'பொருள்: தவறான கள அறிக்கை அளித்தமைக்காக என் மீது துறை நடவடிக்கை எடுக்கக் கோருதல்.'

"என்ன அண்ணாச்சி இது?"

"நான் எழுதுன அறிக்க உள்ளவரைக்கும் அவங்க எத்தன மனுப் போட்டாலும் அது குறுக்க நிக்கும். அறிக்க தப்புன்னு நான் சொன்னா, வயசானவன் ஒளறுதான்னு வச்சிடுவான். எனக்குத் தண்டன குடுத்தாம்னா தப்புன்னு அவனே சொன்ன மாதிரில்லா."

வீட்டில் பெரிய சண்டை. அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என்னிடம்தான் சொன்னார், அவர் காதில் விழட்டும் என்று: "ஊர்ல அவனவன் பென்ஷன் வரலன்னு மனு எழுதுதான். இவிய நிறுத்துங்கன்னு எழுதுதாவ. நீங்க படிச்சவிய, அதை அடிச்சும் குடுத்திருக்கிய."

நான் விசைப்பலகையைத் துடைத்தேன்.

தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கப் போன அன்று நானும் மாரியம்மாவும் கூடப் போனோம். உள்ளே இருந்த உதவியாளர் ஒரு காலத்தில் அண்ணாச்சிக்குக் கீழே வேலை பார்த்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். மனுவைப் படித்ததும் குழம்பிவிட்டார்.

"சார், பேரு மாறி அடிச்சிருக்கு போல. மனுதாரரும் நீங்க, குற்றஞ்சாட்டப்பட்டவரும் நீங்க."

"மாறல. ரெண்டும் நாந்தான்."

"அதெல்லாம் காலம் கடந்து போச்சு சார். உங்கள மாதிரி ஆபீசர் மேல நாங்க எப்படி நடவடிக்க எடுக்கது? உங்க டிராப்ட்டப் பாத்துத்தான் நாங்க எழுதப் படிச்சோம்."

"அதுக்காகத்தான் எடுக்கச் சொல்லுதேன்."

டீ வந்தது. மாரியம்மா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் நிற்கும் இடம் அதுதான். வெளியே வந்ததும் சொன்னாள்: "உங்களத் தண்டிக்கச் சொல்லிக் கேட்டாலும் உங்களுக்குத்தான் நாக்காலி போடுதாவ."

சிறுபான்மையினரைக் காப்பதற்கு உலக நாடுகள் சொன்ன அத்தனையையும் ஓர் அரசு அலுவலகத்தில் ஒருவருக்குச் செய்து நான் பார்த்தது அண்ணாச்சிக்குத்தான். அவருடைய கண்ணியத்துக்குக் குறைவு வராமல் பார்த்துக்கொண்டார்கள். பாரபட்சமில்லாமல் கேட்டார்கள். அவர் சம்பந்தப்பட்ட முடிவை எடுக்கும்போது அவரையும் கலந்தாலோசித்தார்கள். நேரிலும் போனிலும் பேசி, மனுவை வாபஸ் வாங்கிவிடச் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை. மூன்று நினைவூட்டல் அனுப்பினார். அதற்குள் கல்லூரி அட்மிஷன் முடிந்துவிட்டது. செல்வி நெல்லை டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். காலை முதல் இரவு வரை நின்றே பார்க்கும் வேலை.

ஏழெட்டு மாதம் கழித்துத் தபால் வந்தது. அண்ணாச்சி உறையைக் கிழித்தார், கடைசி வரியைப் பார்த்தார், மேஜையில் போட்டார்.

"'கைவிடப்படுகிறது'ன்னு முடிச்சிட்டான்வே. மூடியாச்சு."

அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

சாயந்திரம் மாரியம்மா வந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஒரு வார்த்தையையும் தாண்டிப் போகத் தெரியாது. அந்தத் தாளை எடுத்து, விரலை வைத்து, முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தாள்.

"'மனுதாரர்... பணிக்காலத்தில்... முறையாகக் கள விசாரணை... மேற்கொள்ளாது... அறிக்கை அளித்தமை... தெரியவந்த... போதிலும்...'"

அங்கே நிறுத்தினாள். அதற்கு மேல் இருந்தது, காலம் கடந்துவிட்டதாலும் மனுதாரரின் நீண்ட நற்பணியைக் கருத்தில் கொண்டும் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்பதுதான். அதை அவள் படிக்கவில்லை.

"நீங்க ஒழுங்கா விசாரிக்கலன்னு அவங்களே எழுதியிருக்காங்கல்லா?"

அண்ணாச்சி கையை நீட்டித் தாளை வாங்கினார். அவர் ஒரு காகிதத்தை முதல் வரியிலிருந்து படித்ததை அன்றுதான் பார்த்தேன். ரொம்ப நேரம் படித்தார்.

"போதிலும்," என்றார். "ஆமாம்வே. மன்னிக்கணும்னா மொதல்ல குத்தத்த எழுதணும்லா. எழுதிட்டான்."

உத்தரவின் நகலை இணைத்து, செல்வியின் பெயரில் புதிய மனு மறுநாளே போயிற்று. அதில் அண்ணாச்சி அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. 'பழைய அறிக்கை முறையான விசாரணையின்றி அளிக்கப்பட்டது என்று தங்கள் அலுவலகமே கூறியுள்ளது. நேரில் வந்து, மொழி தெரிந்தவரைக் கொண்டு விசாரியுங்கள்.' கடைசிச் சொல்லை அடித்துக் காட்டியபோது, 'விசாரிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்' என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

சான்றிதழ் கிடைத்தது. ஒரு வருஷம் போனாலும் அடுத்த வருஷம் செல்வி நர்சிங் சேர்ந்தாள், இப்போது வேலையிலும் இருக்கிறாள். மற்ற வீட்டுக்காரர்கள் தனித்தனியாக மனுப் போட வேண்டும் என்றார்கள். எங்கள் நிறுவனம் பணமில்லாமல் மூடிய பிறகும் அண்ணாச்சி வீட்டிலிருந்தே அவற்றை எழுதிக்கொண்டிருந்தார். நான்கு வீடு பாக்கியிருக்கும்போது காலமானார். அவரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மறுவிசாரணை நடந்த முற்பகல்தான்.

ஊர் நூலகக் கட்டடத்தில் விசாரணை. இளம் வயது அதிகாரி ஒருவரும், அந்த மொழி தெரிந்த பேராசிரியர் ஒருவரும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி சம்பந்தப்பட்ட ஆள் என்பதால் உள்ளே விடவில்லை. நானும் அவரும் எதிரே வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே பேராசிரியர் அவர்களுடைய மொழியில் என்னவோ கேட்டார். அப்புறம் மாரியம்மாவின் குரல் எழும்பியது. அவள் தமிழில் பேசும்போது நான் கேட்டிராத குரல் அது. வேகமாக, ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்து, கால் மணி நேரம் பேசியிருப்பாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடி பேசினாள். மறுபடி சிரித்தார்கள்.

செல்வி வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா கேட்டாவ?" என்றார் அண்ணாச்சி.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால விசாரிக்க வந்தவரப் பத்திச் சொல்லுங்கன்னாரு. அம்மா சொல்லுதா."

"என்னன்னு?"

செல்வி தரையைப் பார்த்தாள். "அதத் தமிழ்ல சொன்னா நல்லாருக்காது சார்."

"ஆபீசர் எழுதிக்கிட்டாரா?"

"அந்தப் பேராசிரியர் சொல்லச் சொல்ல, ஒண்ணு விடாம எழுதிக்கிட்டாரு."

"பச்ச பச்சயாவா?"

"ஆமா சார்."

அண்ணாச்சி வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாப் பேசட்டும்மா. அவசரப்பட வேண்டாம்னு சொல்லு" என்றார்.